பேரரசனின் மண்படையும் எடத்தனூர் நடுகல்லும்

ஒரு சமுதாயம் தன் இறந்தோரை அடக்கம் செய்யும் முறையைக் கொண்டு, அது உயிரோடிருப்போரை எவ்வாறு நடத்துகிறது என்று சொல்லிவிடலாம். கல்லறை தன்னுள் உறங்குபவரைப் பற்றிப் பேசுவதைவிட, தன்னைக் கட்டியவரைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு உலகம் வியக்கும் ஒரு பெருங்கல்லறையையும், திருவண்ணாமலை மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் நிற்கும் சிறு கற்களையும், இறுதியில் நம் பங்குகளின் கல்லறைத் தோட்டங்களையும் அளந்து பார்ப்பதே நம் நோக்கம். கிடைக்கும் விடை இனிப்பாக இராது என்பதை முன்னதாகவே சொல்லி வைக்கிறோம்.

படித்தவரிடையே ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது. "சீனரைப் பாருங்கள்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மன்னனுக்காக மண்ணில் ஒரு படையையே செய்து புதைத்தார்கள். நம்மிடம் என்ன இருக்கிறது? நாலு முதுமக்கள் தாழியும் உடைந்த பானையும்தானே!" என்று அங்கலாய்ப்பவர் பலர். இவ்வங்கலாய்ப்பில் ஒரு நச்சு விதை இருக்கிறது. பெரியதே சிறந்தது, மன்னனுக்குரியதே மாண்புடையது என்ற எண்ணமே அது. அந்த விதை அருங்காட்சியகத்தோடு நின்றுவிடுவதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தின் வாயில்வரை வந்து முளைக்கிறது.

முதலில் அந்தச் சீனக் கல்லறையையே பார்ப்போம். 1974 மார்ச் மாதத்தில், சியான் நகரை அடுத்த லிந்தோங் வட்டாரத்தில் கிணறு வெட்டிய உழவர்களின் மண்வெட்டியில் சுட்ட மண்ணால் ஆன மனித உருவங்களின் சிதைவுகள் தட்டுப்பட்டன. தொடர்ந்து நடந்த அகழாய்வில் ஒரு பேரரசனின் காவற்படை வெளிப்பட்டது. முதற்குழி மட்டுமே ஏறத்தாழ 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் உடையது. எல்லாக் குழிகளிலும் சேர்த்து எண்ணாயிரம் அளவில் வீரர் உருவங்கள் இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணக்கு. ஆளுயர உருவங்கள், முகத்துக்கு முகம் வேறுபாடு, மெய்யான படைக்கலங்கள், தேர்கள், குதிரைகள். ஒரு காலத்தில் வண்ணம் பூசப்பெற்றிருந்தன. மண்ணிலிருந்து வெளியே வந்து காற்றுப் பட்டதும் அவ்வண்ணம் சில நிமிடங்களில் சுருண்டு உதிர்ந்தது. 1987இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கலையின் பெருமையை நாம் மறுக்கவில்லை. அந்தக் குயவர்களின் கைகளை வணங்கவே செய்கிறோம்.

ஆனால் அந்தக் கைகளுக்கு உரியவர்களின் கதி என்ன? சின் ஷி ஹுவாங் பதின்மூன்றாம் வயதில், கி.மு. 246இல் அரியணை ஏறினான். ஏறியது முதலே தன் கல்லறைப் பணியைத் தொடங்கிவிட்டான். அவன் இறந்து நூறாண்டுக்குப்பின் எழுதிய வரலாற்றாசிரியர் சிமா சியான், இப்பணியில் ஏழு இலட்சம் பேர் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறார். கி.மு. 210இல் மன்னன் இறந்தபோது, பிள்ளை பெறாத அரண்மனைப் பெண்டிர் அவனோடு சாக ஆணையிடப்பட்டனர்; கல்லறையின் உள்ளமைப்பை அறிந்த கைவினைஞர்கள் வெளியே வராதபடி வாயில்கள் அடைக்கப்பட்டன என்றும் அவர் எழுதுகிறார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் மண்ணும் சாட்சி சொல்கிறது. அக்கல்லறைக்கு அண்மையில் தொழிலாளரின் புதைகுழிகளும் கண்டறியப்பட்டன. எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சிலரோடு மட்டும் ஓர் ஓட்டுத்துண்டு. அதில் கீறப்பட்ட பெயரும் ஊரும்.

பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்வீரர் உருவங்கள் சிலவற்றில் அவற்றைச் செய்த கைவினைஞரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஆகா, எளியவனின் பெயரையும் பேரரசு மதித்ததே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். செய்பொருளில் குறை இருந்தால் யாரைப் பிடித்துத் தண்டிப்பது என்று தெரிந்துகொள்ள அக்கால அரசு வகுத்திருந்த முறை அது. அங்கே பெயர் கணக்குக்காகப் பொறிக்கப்பட்டது; நினைவுக்காக அன்று. இத்தனைக்கும் பிறகு நடந்தது என்ன? மன்னன் மறைந்து நான்காண்டுகளுக்குள் அவனுடைய அரச மரபே வீழ்ந்தது. அவன் உடலை மூடிய குன்றோ இன்றளவும் திறக்கப்படவில்லை. எண்ணாயிரம் பேர் கொண்ட படையால் ஒரு பிணத்தைக் காக்க முடிந்தது. ஓர் அரசைக் காக்க முடியவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வேலூர் மறைமாவட்ட எல்லைக்குள் அடங்கியது திருவண்ணாமலை. அங்கிருந்து மேற்கே செல்லும் செங்கம் சாலையில், மலையடிவாரத்தில் இரமணாசிரமம் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து தங்கும் அந்தப் பகுதியே ஒரு தாயின் கல்லறையைச் சுற்றி வளர்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இரமணரின் தாயார் அழகம்மாள் 1922 மே 19 அன்று மறைந்தார். மலையின் தென் அடிவாரத்தில் அவரை அடக்கம் செய்தனர். அதே ஆண்டின் இறுதியில் இரமணர் மலைமேலிருந்த இருப்பிடத்தை விட்டு இறங்கித் தாயின் சமாதியருகே தங்கினார். கீற்றுக் கொட்டகையாக இருந்தது ஆசிரமமாயிற்று. சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்துக்கு 1949 மார்ச் 17 அன்று குடமுழுக்கு நடந்தது. 1950 ஏப்ரல் 14 அன்று மறைந்த இரமணரும் அதன் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவ்வளாகத்தில் வேறு சில சமாதிகளும் உள்ளன. இலட்சுமி என்ற பசு 1948 சூன் மாதத்தில் இறந்தபோது அதற்கு ஒரு சமாதி எழுப்பினர். ஒரு மானுக்கும் ஒரு காக்கைக்கும் ஒரு நாய்க்கும் அங்கே சமாதி உண்டு. "அவர்களுடைய சமயம் வேறு, நமக்கு என்ன?" என்று கேட்பவருக்கு ஒன்று நினைவூட்டுவோம். 1949 சனவரியில் மொன்ஷானின் அடிகளாரும், பின்னர் அபிசித்தானந்தர் எனப் பெயர் கொண்ட ஆன்றி லெ சோ அடிகளாரும் இதே ஆசிரமத்துக்கு வந்து இரமணரைக் கண்டனர். கத்தோலிக்கக் குருக்கள் இருவர் அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருந்தது என்றால், நமக்கும் ஏதாவது இருக்கும். ஒரு விலங்குக்கும் பெயர் சொல்லி அடக்கம் செய்கிற மனம் என்பது சிறிய பாடமன்று.

அந்தப் பாடம் இவ்வட்டாரத்துக்குப் புதிதும் அன்று. அதே செங்கம் சாலை நம்மை நடுகற்களின் நாட்டுக்கு இட்டுச் செல்கிறது. செங்கம், தண்டராம்பட்டு வட்டாரங்களில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வீரர் உருவம் செதுக்கிய கற்கள் நிற்கின்றன. பல்லவர் காலத்து வட்டெழுத்தில் பொறிப்புகள் கொண்டவை பல. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இவற்றைத் தேடித் தொகுத்து, இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. ஊர் மக்கள் அக்கற்களை வேடியப்பன் என்று அழைத்துப் பொங்கலிடுகிறார்கள்.

அவற்றுள் எடத்தனூர்க் கல் ஒன்று போதும், நம் வாதத்துக்கு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் பூசலில் பட்டான் என்பது செய்தி. அவன் மன்னன் அல்லன். ஒரு தலைவனிடம் பணிபுரிந்த இளமகன். கல்லில் அவனுக்குப் பின்னால் ஒரு நாய் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்வெட்டு சொல்கிறது. பல்லவப் பேரரசனின் பெயர் அக்கல்லில் எதற்காக வருகிறது? ஆண்டைக் குறிப்பதற்காக! நாள்காட்டியாக நிற்கிறான் மன்னன். நாயகனாக நிற்கிறான் பணியாள். உடன் நிற்கிறது பெயர் பெற்ற ஒரு நாய். ஏழு இலட்சம் பேரில் ஒருவன் பெயரையும் நினைவுக்காகப் பொறிக்காத பேரரசனின் கல்லறையை இந்த ஒரே கல்லின் அருகே வைத்துப் பாருங்கள். எது பெரியது?

இது பல்லவர் காலத்தில் திடீரென்று முளைத்த வழக்கமும் அன்று. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிநிலைகளாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் கண்டெடுத்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனைக் குறிக்கிறது. அவை கி.மு. காலத்தவை என்பது ஆய்வாளர் கருத்து. அங்கே ஒரு பேரரசன் தன்னைக் காக்க மண்படை செய்வித்த காலத்துக்கு ஏறத்தாழ அண்மையில், இங்கே ஓர் ஊர் தன் மாடு மீட்டவனுக்கு எழுத்துப் பொறித்த கல் நட்டுக்கொண்டிருந்தது. அதற்கும் முந்திய பெருங்கற்காலத்தைக் காண வேண்டுமானால் தண்டராம்பட்டை அடுத்த மோட்டூருக்குச் செல்லலாம். கல்வட்டத்தின் நடுவே மனித வடிவில் செதுக்கிய ஒரு பெரும் பலகைக்கல் நிற்கிறது. கண் இல்லை, வாய் இல்லை, தோள்களின் வளைவு மட்டுமே. தன் முகத்தை முன்னிறுத்தாமல் மனிதனை மட்டும் நினைவுகூர்ந்த அச்சிற்பியின் அடக்கம் நம்மை நாணச் செய்கிறது.

தமிழ் மன்னர் மட்டும் தமக்குக் கல்லறை எழுப்பிக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். எழுப்பினர். பள்ளிப்படை என்பது அதன் பெயர். ஆற்றூரில் மறைந்த அரிஞ்சய சோழனுக்கு முதலாம் இராசராசன் மேல்பாடியில் எடுப்பித்த கற்றளி இன்றும் நிற்கிறது. நடுகல் மரபிலும் குறை உண்டு. மாடு கவர்ந்த பூசல்கள் பல, தலைவர்களின் பேராசைக்காக எளியவர் மடிந்த பூசல்களே. ஆதலால் தமிழன் அனைவரும் சமத்துவத்தில் ஊறியவர் என்று நாம் மார்தட்டவில்லை. நாம் சொல்வது இவ்வளவே: பேரரசனுக்கு மட்டுமே கல்லறை என்ற விதியை இம்மண் ஏற்றுக்கொண்டதில்லை.

கல்லறையே இல்லாத ஒரு மன்னனையும் இத்திருவண்ணாமலை நினைவில் வைத்திருக்கிறது. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் 1342-43 அளவில் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவனுடைய தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாம் கண்டதாக இபின் பதூதா எழுதியுள்ளார். அவனுக்குக் குன்று இல்லை, மண்படை இல்லை. ஆனால் பிள்ளையில்லாத அம்மன்னனுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது இவ்வூர் மரபு. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று இறைவனின் திருவுரு பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி, வல்லாள மகாராசாவுக்குத் திதி கொடுக்கும் சடங்கு நடைபெறுகிறது. கல்லால் காக்கப்பட்ட சீன மன்னனுக்கு வழிபடுவோர் இல்லை. தோல் உரிக்கப்பட்ட வல்லாளனுக்கு நினைவுகூர்வோர் இருக்கின்றனர். நினைவு என்பது உயிருள்ள ஊரிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவற்றையெல்லாம் கிறிஸ்தவ ஏட்டில் எழுதுவானேன்? நம் விசுவாசமே ஒரு கல்லறையின் வாயிலில் தொடங்கியதாயிற்றே! அதுவும் சொந்தக் கல்லறையன்று. அரிமத்தியா யோசேப்பு கொடுத்த இடம். விண்ணையும் மண்ணையும் படைத்தவர் பிறர் கொடுத்த குழியில் மூன்று நாள் கிடந்தார். அக்கல்லறையின் பெருமை அது வெறுமையானது என்பதே. பழைய ஏற்பாட்டிலும் ஆபிரகாம் சாராவை அடக்கம் செய்ய நானூறு வெள்ளிக் காசு எடை கொடுத்து நிலம் வாங்கினார். மோசேயின் கல்லறையோ யாருக்கும் தெரியாது. தோபித்து தன் உயிருக்கு வரும் இடரையும் பாராமல், தெருவில் எறியப்பட்ட தன் இனத்தாரின் உடல்களை எடுத்துப் புதைத்தார். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுவது இதனால்தான்.

உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளை நினைத்துப் பாருங்கள். சுவரில் அடுக்கடுக்காக வெட்டிய எளிய மாடங்கள். வாயை அடைத்த ஒரு பலகை. அதில் ஒரு பெயரும் அமைதியில் உறங்குக என்ற வேண்டுதலும். அவ்விடுகாடுகளுள் ஒன்றை நிருவகித்த கலிஸ்து, முன்னாளில் அடிமையாக இருந்தவர். 217ஆம் ஆண்டளவில் திருத்தந்தையானவர். அச்சுவர்களில் குந்தாலி ஏந்திய குழிவெட்டியின் ஓவியமும் உண்டு. சீனப் பேரரசன் குழி வெட்டியவர்களை உள்ளே வைத்து அடைத்தான். ஆதித் திருச்சபை குழி வெட்டியவனைச் சுவரில் வரைந்து வைத்தது. எந்த மரபின் பிள்ளைகள் நாம்?

இந்தக் கேள்வியோடு நவம்பர் 2ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நம் கல்லறைத் தோட்டங்களுக்குள் நுழைவோம். வாயிலை அடுத்து, நடைபாதையின் இருமருங்கும், பளபளக்கும் கருங்கல் மேடைகள், பளிங்குச் சம்மனசுகள், நிழற்படம் பதித்த பீடங்கள், இறந்தவரின் பட்டமும் பதவியும் பொறித்த எழுத்துகள். இன்னும் உள்ளே சென்றால் முள்ளும் புதரும். அங்கே மண்மேடுகள். மேட்டின் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. அதில் சுண்ணாம்பால் எழுதிய பெயர். ஒரு மழைக்காலம் போதும், எழுத்து கரையும். இரண்டாம் மழைக்காலத்தில் சிலுவை உளுக்கும். மூன்றாம் ஆண்டு மந்திரிப்பின்போது தாய் தன் பிள்ளையைப் புதைத்த இடத்தைத் தேடி மெழுகுவர்த்தியோடு தடுமாறுவாள்.

இதைக்காட்டிலும் கொடியது ஒன்று உண்டு. சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதி படுத்திருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டமொன்றைச் சாதியால் பிரித்த சுவர் நாளேடுகளில் பலமுறை செய்தியானதை நாடறியும். சுவர் இல்லாத ஊர்களில் ஒரு பாதை சுவராகிறது. பாதை இல்லாத இடத்தில் பழக்கம் சுவராகிறது. ஒரே திருமுழுக்குத் தண்ணீர், ஒரே அப்பம், ஒரே விசுவாச அறிக்கை. புதைகுழி மட்டும் இரண்டு! உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் உரக்க அறிக்கையிடும் வாய், அந்த உயிர்ப்பும் சாதி வரிசைப்படிதான் நடக்கும் என்று கருதுகிறதா?

திருச்சபையின் சட்டம் இதற்கு இடம் தருவதில்லை. அடக்கச் சடங்குகளில் ஆள் பார்த்து வேறுபாடு காட்டலாகாது, ஏழைகள் தகுந்த அடக்கச் சடங்கை இழந்துவிடக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1181ஆம் விதி கூறுகிறது. வழிபாட்டில் தனி மனிதருக்கோ சமூகத் தரத்துக்கோ சிறப்பிடம் இல்லை என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனை. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் பாகுபாடு நிலவுவதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதை ஒழிக்க வேண்டும் என்கிறது. விதி இருக்கிறது, போதனை இருக்கிறது, அறிக்கையும் இருக்கிறது. சுவரை இடிக்கும் கடப்பாரை மட்டும் யார் கையில் இருக்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"எம் தாய்தந்தையர்மேல் உள்ள அன்பினால் கல் பதிக்கிறோம்; இதில் என்ன பாவம்?" என்பார் சிலர். பாவம் இல்லை. இரமணர் தாய்க்கு எழுந்த ஆலயமும், திருத்தூதர் தோமாவின் கல்லறைமேல் மயிலையில் நிற்கும் பேராலயமும் பின்வந்தோர் அன்பினால் எழுப்பியவையே. அன்பு கல் நடட்டும். ஆனால் அந்தக் கல் எவருடைய இடத்தைப் பறித்து நிற்கிறது என்று கேட்கும் உரிமை பங்குச் சமூகத்துக்கு உண்டு. நிலம் சுருங்கிவரும் நகரத்தில், பணம் உள்ளவருக்கு நிலையான கல்லறையும் பணம் இல்லாதவருக்குச் சில ஆண்டுகளில் தோண்டி எடுக்கப்படும் குழியும் என்றால், அது அன்பு அன்று. அது சின் ஷி ஹுவாங்கின் சட்டம். "முன்னோர் வகுத்த ஒழுங்கு, மாற்றினால் ஊரில் கலகம் வரும்" என்பார் வேறு சிலர். இறந்தோர் கலகம் செய்வதில்லை. அவர்கள் பெயரால் இருப்போர்தாம் செய்கிறார்கள். அந்தக் கலகத்துக்கு அஞ்சி அநீதியை அமைதி என்று அழைப்பது நற்செய்தியின் மொழி அன்று.

குறை சொல்வதோடு நில்லாமல், செய்யக்கூடிய மூன்றை முன்வைக்கிறோம். முதலாவது, கல்லறைத் தோட்டத்தில் சாதியின் பெயரால் நிற்கும் எந்தச் சுவரும், எந்த எல்லையும் அகற்றப்படட்டும். இனி இறப்போர் இறந்த வரிசைப்படி ஒருவர் பக்கத்தில் ஒருவராக அடக்கம் செய்யப்படட்டும். இரண்டாவது, புதுக் கல்லறைகளின் நீளம், அகலம், உயரம் எல்லாருக்கும் ஒன்றே என்று பங்குப் பேரவை விதிக்கட்டும். கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் போதும்.

மூன்றாவதே நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. ஒவ்வொரு பங்கிலும் மரணப் பதிவேடு ஒன்று இருக்கிறது. சட்டப்படி அடக்கம் செய்யப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் அதில் எழுதப்பட்டிருக்கும். மரச்சிலுவையில் கரைந்துபோன பெயர்கள் எல்லாம் அந்த ஏட்டில் கரையாமல் இருக்கின்றன. கூலியாளும் பீடி சுற்றியவளும் அனாதையாய் இறந்த முதியவரும் பிறந்த அன்றே மறைந்த குழந்தையும் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வெளியே எடுங்கள். கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஒரு பொதுக்கல் நட்டு, கல் கிடைக்காதவர் ஒவ்வொருவர் பெயரையும் அதில் பொறியுங்கள். கல்லறைத் திருநாளின் திருப்பலியில் அவ்வாண்டு இறந்தோர் பெயர்களை, செல்வரையும் ஏழையையும் பிரிக்காமல், உரக்க வாசியுங்கள். செலவு பெரிதன்று, ஒரு கருங்கல் மேடைக்கு ஆகும் தொகையில் ஓர் ஊரின் பெயர்கள் முழுவதும் அடங்கிவிடும்.

ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் எடத்தனூரில் ஒரு பணியாளின் பெயரையும் அவன் நாயின் பெயரையும் கல்லில் வெட்டிவைக்க ஓர் ஊருக்கு மனம் இருந்தது. திருமுழுக்கில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்களின் பெயரை மழையில் கரையவிட நமக்கு என்ன உரிமை? வரும் நவம்பர் 2க்கு முன் உங்கள் பங்கின் மரணப் பதிவேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் பெயரிலிருந்து தொடங்குங்கள்.